முதல் எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? படிப்படியாகத் தேர்வு செய்வது எப்படி

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்கு முதன்முறை தயாராகிறவர் கடையில் தோட்டாப் பெட்டிகளின் வரிசையைப் பார்த்தாலே மலைத்துப்போவார். .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் என்று நீண்டுகொண்டே போகும். (பெயரில் மேக்னம் என்றிருந்தால் வெடிமருந்து அதிகம் என்று பொருள்.) பெரிய விலங்காச்சே என்று இருப்பதிலேயே பெரிய தோட்டாவுக்குக் கை நீட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது கூட்டின் பெயர். விலங்கின் உடலில் வேலை செய்வது குண்டு. குண்டின் எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். 180 கிரெய்ன் என்பது ஏறக்குறைய 11.7 கிராம்.

படி 1: சட்டத்தைப் பாருங்கள்

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கொலராடோவில் எல்க், அதைவிடப் பெரிய மான் வகையான மூஸ் இரண்டுக்கும் குழல் விட்டம் குறைந்தது .24 அங்குலம் இருக்க வேண்டும். குண்டு 85 கிரெய்னுக்குக் குறையாமல், பட்டதும் விரியும் வகையாக இருக்க வேண்டும். 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

நம்மவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று: எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் வாங்கிய பிறகு கடைக்குப் போங்கள்.

படி 2: எந்த விலங்கு, எவ்வளவு தூரம்?

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அலாஸ்காவின் ஆண் மூஸ் அதைப் போல இரண்டு மடங்கு. பழுப்புக் கரடி விஷயமே வேறு: அது திரும்பி வரக்கூடிய விலங்கு, தடித்த எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகிற கனமான குண்டு தேவை.

குண்டு படும் இடத்தில் மானுக்கு 1,000, எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு மிஞ்சியிருக்க வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு. வேதவாக்கு இல்லை என்றாலும் தூரத்துக்கு ஒரு கடிவாளம் போட உதவும். உதை குறைந்த தோட்டாவான 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் குண்டு 400 கஜத்தை நெருங்கும்போது அந்த 1,500 எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். .30-06-இல் 180 கிரெய்ன் நல்ல குண்டு 300 கஜத்திலும் அதற்கு மேலேயே நிற்கும். முதல் வேட்டையில் 300 கஜத்துக்கு அப்பால் சுடும் எண்ணமே வேண்டாம்.

படி 3: உங்கள் தோள் எவ்வளவு தாங்கும்?

எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 6.5 கிரீட்மோரின் பின்னுதை (சுட்டதும் ரைஃபிள் தோளில் இடிப்பது) சுமார் 12 அடி-பவுண்டு. .30-06-க்கு 20 வரும். .300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐத் தாண்டும், .338 வின்செஸ்டர் மேக்னம் 30-ஐத் தாண்டும். உதைக்குப் பயந்த உடம்பு விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடும், தோளை முன்னே தள்ளும். குறி பல அங்குலம் விலகும். நுரையீரலில் பட வேண்டியது வயிற்றில் படும், அடிபட்ட விலங்கு மைல் கணக்கில் ஓடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. சுடுதளத்தில் நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை வெற்றுப் பயிற்சித் தோட்டாவும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவுக்கு 'க்ளிக்' சத்தம் மட்டும் வரும்போது குழல் முனை கீழே குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால் ஒரு படி சின்னத் தோட்டாவுக்கு இறங்குங்கள். குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் மஸில் பிரேக் மாட்டினால் உதை குறையும். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், வேட்டையிலும் காதுக் கவசத்தைக் கழற்ற முடியாது.

படி 4: தோட்டாவை முடிவு செய்யுங்கள்

எல்க், மூஸ், கரிபூ என்னும் பனிமான், மான் எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள் வேண்டுமென்றால் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. இன்றும் அங்கே சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும். மலையடிவாரத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்துபோனால் அதன் அருமை புரியும். உதை கொஞ்சம் குறைய வேண்டுமா? .308, 165 கிரெய்ன். ஒல்லியான தோள்காரர்களுக்கு 7 மி.மீ.-08-உம் எல்க்குக்குப் போதும், 250 கஜத்துக்குள் நின்றால். திறந்த வெளியில் தூரமாகச் சுட்டுப் பழகியவருக்கு 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் பொருந்தும். அலாஸ்காவின் பழுப்புக் கரடிக்கு .338 வின்செஸ்டர் மேக்னம், .375 ஹெச் அண்ட் ஹெச். அது புதியவரின் முதல் வேட்டை இல்லை.

படி 5: குண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை போட்ட மலிவான குண்டு மானுக்குச் சரி. வேகமான மேக்னமில் அதையே போட்டு 50 கஜத்தில் எல்க்கின் தோள் எலும்பில் அடித்தால், எலும்பிலேயே சிதறி நின்றுவிடும். நுரையீரல் வரை போகாது. அதற்குத்தான் உறையும் ஈயமும் ஒட்டிய 'பாண்டட்' குண்டு, நடுவில் செம்புத் தடுப்புள்ள நாஸ்லர் பார்ட்டிஷன், முழுக்கச் செம்பாலான பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் வகைகள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைவு. அதே எடையில் குண்டு நீளமாகிவிடும் என்பதால் ஒரு படி இறங்கி 180-க்குப் பதில் 165 அல்லது 168 கிரெய்ன் எடுங்கள். வேகம் குறைந்தால் செம்புக் குண்டு சரியாக விரியாது. விரிவதற்கான குறைந்தபட்ச வேகத்தைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார், பாருங்கள்.

படி 6: குழலில் பொறித்த பெயரும் பெட்டியின் பெயரும்

எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். '300' என்று கேட்டால் வின்செஸ்டர் மேக்னம், வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம், வெதர்பி மேக்னம் என்று மூன்று வரும். ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. .308-ஐ .30-06 ரைஃபிளில் போட்டால் கூடு குட்டையாக இருப்பதால் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் சரியாக உட்காராது. சுட்டால் பித்தளை கிழிந்து சூடான வாயு முகத்துப் பக்கம் பீறிடலாம்.

படி 7: சுட்டுப் பார்த்துப் பூஜ்ஜியம் வையுங்கள்

பூஜ்ஜியம் வைப்பது என்றால் குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை (ரைஃபிளின் மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) திருத்துவது. இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் மூன்று மூன்றாகச் சுடுங்கள். மூன்று துளைகளும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் வேட்டைக்குப் போதும். குழல் சூடானால் குறி நகரும், நடுவே ஆறவிடுங்கள். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

.30-06-இல் 180 கிரெய்ன் குண்டை 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கஜத்தில் குறியிலேயே விழும். 300-இல் எட்டு ஒன்பது அங்குலம் இறங்கும். தேர்ந்தெடுத்த தோட்டாவை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) நான்கைந்து பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்திலோ கரடுமுரடான பாதையிலோ ரைஃபிள் பயணம் செய்திருந்தால், முகாமுக்குப் போனதும் சுட அனுமதியுள்ள இடத்தில் இரண்டு தோட்டா செலவழித்துப் பூஜ்ஜியம் நகரவில்லை என்று பார்த்துவிடுங்கள்.