ரைன் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு சனிக்கிழமை ஓய்வாகக் கிடைத்தால் பலரும் கிளம்பிப் போகிற இடம் மத்திய ரைன் பள்ளத்தாக்கு. பிங்கன், ரூடஸ்ஹைம் ஊர்களில் தொடங்கி கொப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. நீளம். இரு கரைக் குன்றுகளிலும் சேர்த்து ஏறக்குறைய 40 கோட்டைகள். 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் "ஒரே நாளில் ஆறு கோட்டை" என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். உள்ளே நுழைந்து நிதானமாகப் பார்ப்பதென்றால் ஒரு நாளைக்கு இரண்டு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் பார்த்ததெல்லாம் கார் நிறுத்துமிடமும் டிக்கெட் கவுன்டருமாகத்தான் இருக்கும். மற்றவற்றை ஆற்றிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

குறுக்கே ஆறு இருப்பதை மறப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான். மைன்ஸ் நகரத்தைத் தாண்டினால் கொப்லென்ஸ் வரும்வரை, ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்துக்கு, ரைனின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. வரைபடத்தில் ரைன்ஃபெல்ஸ் கோட்டையும் காட்ஸ் கோட்டையும் கூப்பிடு தூரத்தில் தெரியும். நடுவே ஓடுகிற ஆற்றைக் கடக்க ஃபெரிதான் வழி. பிங்கன்–ரூடஸ்ஹைம், நீடர்ஹைம்பாக்–லோர்ஹ், கவுப், சாங்க்ட் கோவார்–சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன், போப்பார்ட்–ஃபில்சன் ஆகிய இடங்களில் கார் ஏற்றும் ஃபெரிகள் ஓடுகின்றன. இவற்றில் பல மாலையோடு நின்றுவிடும். குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். கடைசி ஃபெரியை விட்டவர் கொப்லென்ஸ் வரை போய், பாலம் தாண்டி, மறுகரையில் அதே தூரம் திரும்பி வர வேண்டும். கூகுள் மேப்பில் "ஃபெரியைத் தவிர்" என்ற தேர்வு எப்போதோ போட்டது அப்படியே கிடந்தால், காலையிலேயே இந்தச் சுற்று ஆரம்பித்துவிடும். புறப்படுமுன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே கோட்டைப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். முதலில் கரையை முடிவு செய்யுங்கள். இடக்கரையில் பி9 சாலை, ஆர்பி26 ரயில்: ரைன்ஸ்டைன், பாக்கராக், ஓபர்வேசல், ரைன்ஃபெல்ஸ், ஷ்டோல்சன்ஃபெல்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். வலக்கரையில் பி42 சாலை, ஆர்பி10 ரயில்: கவுப், லோரலை பாறை, மார்க்ஸ்பர்க் அந்தப் பக்கம். இரண்டு கரையும் வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை கடக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரைன்ஃபெல்ஸ், மதியம் சாங்க்ட் கோவாரில் ஃபெரி, எதிர்க்கரையில் ஆர்பி10 பிடித்து பிரவுபாக்கில் இறங்கினால் மார்க்ஸ்பர்க். இது அலுப்பில்லாமல் முடிகிற நாள். வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இந்த இரண்டு ரயில்களிலும் செல்லும், ஐசி, ஐசிஇ என்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஃபெரிக்கும் உல்லாசக் கப்பலுக்கும் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். தண்டவாள வேலை என்று மாதக்கணக்கில் ஒரு கரை ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவதும் இங்கே வழக்கம். முந்தைய நாள் இரவே ஜெர்மன் ரயில்வேயின் டிபி செயலியில் பார்த்துவிட்டால் நல்லது.

கப்பலில் போகிறவர்கள் திசையைக் கவனிப்பதில்லை. ரைன் இங்கே தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, வேகமும் அதிகம். பாக்கராக்கிலிருந்து சாங்க்ட் கோவாருக்கு நீரோட்டத்தோடு போனால் சுமார் 40 நிமிடம். அதே தூரம் எதிர்த்து வர ஒரு மணி நேரத்துக்கும் மேல். கோட்டைகள் நெருக்கமாக நிற்பதும் இந்தத் துண்டில்தான். முழுப் பள்ளத்தாக்குக்கும் டிக்கெட் எடுத்து மேல்தளத்தில் வெயிலில் வாடுவதைவிட, இந்தத் துண்டு மட்டும் கப்பலில் போய்விட்டு மீதிக்கு ரயில் பிடிப்பது மேல். எந்தக் கோட்டை எது என்று குழம்பினால் கரையோரம் பெரிய எண்களில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகளைப் பாருங்கள். கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்திலிருந்து எண்ணி வருகிற கணக்கு அது. 546-இல் ஆற்றுத் தீவில் நிற்பது ஃபால்ட்ஸ்கிராஃபென்ஸ்டைன், 554-இல் லோரலை பாறை.

தெரிகிற கோட்டையெல்லாம் திறந்திருக்கும் என்று நம்புவது

காட்ஸ், மவுஸ் இரண்டும் தனியார் கையில் இருக்கின்றன; காட்ஸுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, மவுஸும் வழக்கமான பார்வைக்கு உரியதல்ல. ஓபர்வேசலில் உள்ள ஷோன்பர்க் ஒரு ஹோட்டல். பாக்கராக்கில் உள்ள ஷ்டாலெக் இளைஞர் விடுதி. ஷ்டாலெக்கில் முற்றம் வரை போகலாம், காட்சியும் அருமை, ஆனால் அருங்காட்சியகம் எதுவும் கிடையாது. செங்குத்துப் பாதையில் மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களை எந்த வார இறுதியிலும் காணலாம். மேப்பில் நட்சத்திரங்கள் நிறைய இருப்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோட்டையின் சொந்த இணையதளத்தில் நுழைவுக் கட்டணம் என்று ஒன்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நேரத்திலும் இதே கதைதான். அரசு பராமரிக்கும் கோட்டைகள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், டிசம்பரில் அடைத்தே வைப்பதும் உண்டு. மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள் என்றால் 5 மணி வரை நுழையலாம் என்று பொருளில்லை. "லெட்ஸ்டர் ஐன்லாஸ்" என்று பலகையில் இருக்கும் நேரமே கடைசி நுழைவு; பெரும்பாலும் முக்கால் மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். கெஞ்சினாலும் பலிக்காது.

எல்லாமே இடைக்காலக் கட்டடம் என்று எண்ணிப் பார்ப்பது

இந்தப் பள்ளத்தாக்கின் கோட்டைகளில் பெரும்பாலானவை 17-ஆம் நூற்றாண்டுப் போர்களில் நாசமானவை, அதிலும் 1689-இல் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை கைவைத்தவையே அதிகம். 1815-இல் ரைன்லாந்து அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கைக்கு வந்த பிறகு, அரச குடும்பத்தார் இடிபாடுகளை வாங்கியும் பரிசாகப் பெற்றும் தங்கள் கற்பனைப்படி திரும்பக் கட்டினார்கள். ரைன்ஸ்டைன் 1820-களில் எழுந்தது. ஷ்டோல்சன்ஃபெல்ஸை 1823-இல் கொப்லென்ஸ் நகரம் பட்டத்து இளவரசருக்குப் பரிசளித்தது. கட்டடக் கலைஞர் ஷிங்கலின் திட்டப்படி கட்டி 1842-இல் திறந்தார்கள். பலரும் அங்கே போய் "ஆயிரம் வருஷத்துக் கோட்டை" என்று படம் போடுகிறார்கள். அது 19-ஆம் நூற்றாண்டு மாளிகை. அப்படிப் பார்த்தால்தான் அதன் அழகே பிடிபடும். காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கம்பளிச் செருப்பு தருவார்கள். மரத்தரை தேயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மெழுகிட்ட தரையில் அதோடு ஓடினால் வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான இடைக்காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மார்க்ஸ்பர்க். மத்திய ரைனின் குன்றுக் கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றுதான். 1900 முதல் ஜெர்மானியக் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. நுழைந்ததும் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய அகலமான படிகள். மேடு பள்ளமாக, ஒன்றுக்கொன்று அளவு ஒட்டாமல் இருக்கும். பெரிய கூடத்தின் ஓரத்தில் சுவருக்கு வெளியே தொங்குகிற கழிப்பறை. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடத்தின் பக்கம் இருக்கிறது: கீழேயிருந்து அந்தக் குழி வழியாக எதிரி ஏறி வந்தாலும் கூடத்துக்குள் நுழைய முடியாதபடி. இதையெல்லாம் தானாகச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும், சுமார் 50 நிமிடம். விளக்கம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். ஆங்கிலச் சுற்று கோடைக்காலத்தில் நாளுக்கு ஓரிரு முறைதான். அந்த நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதே சரி. பிரவுபாக் நிலையத்திலிருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரைன்ஃபெல்ஸ் முழுக்க வேறு ரகம். 1245-இல் காட்ஸனெல்ன்போகன் பிரபு கட்டத் தொடங்கியது. பின்னாளில் பெரும் அரணாக வளர்ந்து 1692-இல் பிரெஞ்சுப் படையைத் தாக்குப்பிடித்தது. 1794-இல் ஒரு குண்டுகூட வெடிக்காமல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் சரணடைந்தது. அவர்கள் அதைத் தகர்த்தார்கள். இங்கே அலங்கார அறைகளை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாறுவார். பார்க்க வேண்டியது சுவரின் தடிமனையும் நிலத்தடி அறையையும் சுரங்க வழிகளையும். முற்றுகையிடுகிறவர்களின் காலடியில் வெடிமருந்து வைப்பதற்காகத் தோண்டிய வழிகள் அவை. குனிந்து, சில இடங்களில் கிட்டத்தட்டத் தவழ்ந்து போக வேண்டும், உள்ளே கும்மிருட்டு. கைபேசி வெளிச்சம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கையால் சுவரைப் பிடித்து மறு கையில் கைபேசியோடு குனிந்தால் அது சேற்றில் விழும். தலையில் மாட்டும் விளக்கு நல்லது. பராமரிப்புக்காகச் சில பகுதிகளை அடைத்து வைப்பதுண்டு. டிக்கெட் வாங்குமுன் கவுன்டரில் கேளுங்கள்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பகுதியின் கல் ஸ்லேட் எனப்படும் பலகைக்கல். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. தூறல் பட்டால் படிகளும் மலைப்பாதையும் வழுக்குப்பாறை ஆகிவிடும். அடியில் பிடிமானமுள்ள ஷூ போதும். குழந்தை வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, தூக்கிச் செல்லும் பையோடு போவது நல்லது.

தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் கிளம்புவது

கவுப் எதிரே தீவில் நிற்கும் ஃபால்ட்ஸ்கிராஃபென்ஸ்டைன், ஜெர்மானிய மன்னர் பவேரிய லுட்விக் 1326-27 வாக்கில் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. படகில்தான் போக முடியும். வெள்ளம் வந்தால் படகு நிற்கும், கோட்டையும் மூடும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் நேர்மாறான பிரச்சினை: 2018 அக்டோபரில் ஆற்றின் நீர்மட்டம் காட்டும் கவுப் அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. அளவுகோலின் எண் ஆற்றின் ஆழம் அல்ல, கப்பல் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும் என்றாலும், உல்லாசக் கப்பல்கள் அந்த நிலையில் நேரத்தைக் குறைக்கும், ரத்தும் செய்யும். "பேகல் கவுப்" என்று தேடினால் அன்றைய அளவு கிடைக்கும்.

ட்ரோன் எடுத்துப் போகும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். ஜெர்மனியில் பெரிய நீர்வழிகள், ரயில் பாதைகள் இவற்றின் அருகே 100 மீட்டருக்குள் பறக்கவிடக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் இரு கரையிலும் ரயில், நடுவே ரைன்.

எல்ட்ஸ் கோட்டையை அதே நாளில் சேர்ப்பது

படங்களில் அதிகம் சுற்றுகிற கோட்டை இது. ஜெர்மனியின் பழைய 500 மார்க் நோட்டிலும் இருந்தது. ஆனால் இது ரைன் கரையில் இல்லை, மோசல் ஆற்றுப் பக்கத்துக் காட்டுப் பள்ளத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடங்கி நவம்பர் முதல் தேதி வரைதான் திறந்திருக்கும்; கிறிஸ்துமஸ் விடுமுறையில் போனால் மூடிய கதவுதான். மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரம் சுமார் 5 கி.மீ. நடை, ஒன்றேகால் மணி நேரம். காரில் வந்தால் நிறுத்துமிடம் மேட்டில் இருக்கிறது, கோட்டைக்குச் செங்குத்தான பாதையில் 800 மீட்டர் நடந்து இறங்க வேண்டும். போகும்போது சுகமாக இருக்கும் இறக்கம் திரும்பும்போது முழங்காலைச் சோதிக்கும். வயதானவர்கள் இருந்தால் சிற்றுந்து ஓடுகிறதா என்று பார்த்து, சில்லறையோடு போங்கள். அறைகளுக்குள் படமெடுக்க அனுமதியில்லை. நண்பகலில் வரிசை நீளும், ஆகவே திறக்கிற நேரத்துக்குப் போய்விடுங்கள். பாலத்தின் முனையில் நின்று முழுக் கோட்டையையும் ஆளில்லாமல் படமெடுக்க முடிவதும் அந்த முதல் அரை மணியில்தான்.