மன்னிக்கச் சொல்லும் முன்: கவுன்சிலிங்கில் செய்ய வேண்டியவை

"போனது போகட்டும், கூடப் பிறந்தவர்தானே" என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்காக மன்னித்தவர்களுக்கு அடுத்த கல்யாண வீட்டில் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் வயிறு எரியும். நடந்ததைப் பேசி முடிக்காமல் கொடுத்த மன்னிப்பு நிற்காது.

ஆகவே கவுன்சிலிங்கின் முதல் மூன்று நான்கு அமர்வுகளில் மன்னிப்பைப் பற்றிய பேச்சே வேண்டாம். வாரம் ஒன்று, 45 முதல் 60 நிமிடம் போதும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் என்ரைட் வகுத்த நான்கு கட்ட முறையிலும் காயத்தைத் திறந்து பார்ப்பதுதான் முதல் கட்டம். மன்னிக்கலாமா என்ற முடிவு அதற்கு அப்புறம்தான். போகும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "அண்ணன் துரோகி" என்று எழுதினால் கோபம்தான் ஏறும். "அப்பா காரியம் முடிந்த மறுவாரம், படித்துப் பார்க்க விடாமல், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்" என்று நடந்ததை எழுதுங்கள். அதன் கீழே இழந்தவற்றைத் தனித்தனியாக: பங்கு, பிறந்த வீடு, அண்ணன் மேல் இருந்த நம்பிக்கை. பலருக்கும் பங்கைவிட மூன்றாவதுதான் பெரிய காயமாக இருக்கும்.

பிறகு காலி நாற்காலிப் பயிற்சி. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அண்ணன் அதில் இருப்பதாக வைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். பின் இடம் மாறி உட்கார்ந்து அவராகப் பதில் சொல்லுங்கள். அமர்வின் கடைசி 10 நிமிடத்தை மூச்சு சீராவதற்கு ஒதுக்கும்படி ஆலோசகரிடம் சொல்லுங்கள். கொதிப்போடு எழுந்து போனால் அன்றிரவு தூக்கம் போய்விடும். அடி, பாலியல் வன்முறை போன்ற காயங்களுக்கு இந்த நாற்காலிப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே செய்யக் கூடாது.

மன்னிப்பது வேறு, மறுபடி சேர்ந்து பழகுவது வேறு. மன்னித்துவிட்டுப் பங்குக்கு வழக்கும் போடலாம். வீட்டில் அடி இன்னும் தொடர்கிறதென்றால் முதலில் பாதுகாப்பு. அந்த நிலையில் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லும் ஆலோசகரை மாற்றிவிடுங்கள்.

தன்னை மன்னிப்பதுதான் இன்னும் கடினம். "அம்மாவை ஒருநாள் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தால்" என்று உறுத்துகிறதா? தாளில் ஒரு வட்டம் போடுங்கள். நோயின் வேகம், வலியை அம்மா மறைத்தது, முதலில் பார்த்த டாக்டரின் கணிப்பு என ஒவ்வொன்றுக்கும், நடந்ததில் அதற்குள்ள பொறுப்புக்கு ஏற்ப ஒரு துண்டு ஒதுக்குங்கள். உங்கள் துண்டைக் கடைசியில்தான் வரைய வேண்டும். முதலில் வரைந்தால் வட்டம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். பக்கத்தில் "அன்று எனக்குத் தெரிந்தது", "இன்று தெரிவது" என்று இரண்டு பத்தி பிரித்து எழுதுங்கள். இரண்டாம் பத்தியை வைத்து அன்றைய உங்களைத் தண்டித்துக்கொண்டிருப்பது அப்போது கண்ணில் படும்.

அதற்காக உங்கள் துண்டை அழித்துவிடவும் வேண்டாம். உண்மையிலேயே தவறு செய்திருந்தால் ஈடு செய்தாக வேண்டும். மன்னிப்புக் கடிதத்தில் "ஆனால்" என்ற சொல் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். செய்தது என்ன, அதனால் அவருக்கு நேர்ந்தது என்ன, இனி என்ன செய்வீர்கள் என்ற மூன்றும் போதும். பதில் வராமலும் போகலாம். அதற்குத் தயாரான பிறகே அனுப்புங்கள்.

உறுத்தல் "நான் இருந்தே பயனில்லை" என்ற எண்ணமாக மாறினால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.