உச்சக்கட்டம் ஏன் சப்பென்று போகிறது?

கதையின் உச்சக்கட்டக் காட்சி எடுபடவில்லை என்றதும் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பத் திருத்துகிறோம். கோளாறு பெரும்பாலும் நாலு பக்கம் முன்னால் இருக்கும்.

வாசகரிடம் எதையாவது ஒளித்தால்தான் பதற்றம் வரும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. ஒளித்தால் வருவது அதிர்ச்சி, நொடியில் தீர்ந்துவிடும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாருங்கள். கோவலன் கள்வன் அல்லன் என்பது நமக்குத் தெரியும், பாண்டியனுக்குத் தெரியாது. சிலம்பு உடையும் முன்பே, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகியும் தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று மன்னனும் சொல்லிவிடுகிறார்கள். எதைப் பார்க்கக் காத்திருக்கிறோம் என்று தெரிவதால்தான் மூச்சு நிற்கிறது. இந்த விவரம் உடைத்த பிறகு வந்திருந்தால் வெறும் விளக்கவுரை.

எனவே எழுதும் முன் காட்சியின் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். உதாரணமாக: அண்ணன் வீட்டை விற்றுக் கையெழுத்துப் போடுவதற்குள் அப்பாவின் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேருமா? ஆம், இல்லை இரண்டுக்கும் வழி இருக்க வேண்டும். ஒரு வரிக்குள் அடங்காமல் இரண்டு கேள்விகள் வந்தால் ஒன்றை முந்தைய காட்சியிலேயே முடித்துவிடுங்கள். கடிதம் இருப்பதும் இங்கேதான் முதன்முதலில் தெரியவருகிறது என்றால் அது மோசடி.

‘நேரம் ஓடிக்கொண்டிருந்தது’ என்பது யாரையும் பதறவைக்காது. எண்ணக்கூடிய ஒன்று வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அண்ணனின் டோக்கன் 14; இப்போது கூப்பிடுவது 9. கடிதத்தோடு வரும் தங்கையின் பஸ் சிக்னலில் நிற்கும்போது 11. பிறகு 12, 13 இரண்டு பேரும் வரவில்லை என்று நேராக 14. தற்செயல் நாயகிக்கு எதிராக வந்தால் வாசகர் ஒப்புக்கொள்வார். அவளைக் காப்பாற்ற வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

மொழியில் நடக்கும் தவறுகள் தனி. ‘எழுந்து, ஓடி, கதவைத் திறந்து, உள்ளே பாய்ந்தாள்’ என்று வினையெச்சங்களைக் கோத்தால் நாலு செயலும் ஒரே மூச்சில் வழுக்கிப்போகும். ஓட்டத்துக்கு அது சரி. ஒவ்வொன்றும் உறைக்க வேண்டிய இடத்தில் வினைமுற்றுப் போட்டு வாக்கியத்தை நிறுத்துங்கள்: ‘கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.’ பக்கம் முழுக்க இப்படியே வெட்டினாலும் அலுக்கும். கடைசி ஏழெட்டு வரிகளுக்குச் சேமித்து வையுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வாய்த்த வசதி: ‘அண்ணன் பேனாவைக் கீழே வைத்தான்’ என்பதில் கீழே போட்டானா வைத்தானா என்பது கடைசிச் சொல் வரை தெரியாது. ‘திடீரென்று’, ‘இதயம் படபடத்தது’, வரிசையாக ஆச்சரியக்குறி, மூன்று புள்ளி: எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். பதற்றம் குறைந்தால், முன்பும் அது இருந்திருக்கவில்லை.

வில்லன் நின்று தன் திட்டத்தை விளக்கும் வசனம் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

முடிவு தெரிந்ததும் கதையை அறுத்துவிடுவது இன்னொரு அவசரம். அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டான் என்றால், 15ஆம் எண்காரர் அவன் தோளைத் தாண்டி எட்டிப் பார்க்கும் வரையாவது அந்த வரிசையில் நில்லுங்கள்.