ஃபினிஷரில் தாள் அடிக்கடி சிக்கினால் எங்கே பார்ப்பது?

அச்சாகி வரும் தாள்களை அடுக்கி, ஓரம் சேர்த்து, ஸ்டேபிள் அடித்தோ துளையிட்டோ வெளியே தள்ளுவது, அலுவலக நகல் இயந்திரத்தின் பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும் ஃபினிஷரின் வேலை. என்றோ ஒருநாள் அதில் தாள் சிக்குவது இயல்பு. ஒரே இடத்தில் நாள்தோறும் சிக்கினால், கதவைத் திறந்து தாளை உருவி எறிவதோடு வேலை முடிந்துவிடாது.

உருவிய தாளைக் கசக்கிப் போடுவதற்கு முன் அதன் முன்விளிம்பைப் பாருங்கள். விசிறிபோல மடிந்திருந்தால், வழியில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் முன்பு கிழிந்து தங்கிய துண்டோ தளர்ந்த ஸ்டேபிள் கம்பியோ, தடுக்கிறது என்று பொருள். மடிப்பே இல்லாமல் தாள் பாதியில் நின்றிருந்தால், ரோலர் வழுக்கியிருக்கலாம் அல்லது சென்சார் தவறாகக் கணித்திருக்கலாம். தாள் குறித்த நேரத்துக்குள் சென்சாரை வந்தடையவில்லை என்றாலும், வந்த தாள் குறித்த நேரத்துக்குள் விலகவில்லை என்றாலும் இயந்திரம் அதைச் சிக்கலாகவே அறிவிக்கும். அதனால்தான் உள்ளே தாளே இல்லாதபோதும் திரையில் எச்சரிக்கை அணையாமல் நிற்பதுண்டு. சென்சாரின் சிறு பிளாஸ்டிக் நாக்கை விரலால் மெல்லத் தள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து, பழுது எந்தப் பகுதியில் என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஃபினிஷருக்குப் போகாத உள்தட்டுக்கு இருபது தாள்களை அனுப்புங்கள். அங்கும் சிக்கினால் ஃபினிஷரைக் குறை சொல்வதில் பயனில்லை. சிக்காவிட்டால், ஸ்டேபிளும் துளையும் இல்லாமல் ஃபினிஷர் வழியாக அனுப்பிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

பலர் கவனிக்கத் தவறுவது தாளைத்தான். மையைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரின் சூட்டில் ஈரம் வெளியேறும்போது தாள் சுருள்கிறது. சுருண்ட விளிம்பு ஃபினிஷரின் நுழைவாயிலில் இடிக்கிறது. மழைக்காலத்தில் ரீமைப் பிரித்துத் திறந்தபடி வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தத் தொல்லை கூடுதல். தாளை உறையோடு மூடி வையுங்கள், ட்ரேயில் உள்ள கட்டைப் புரட்டிப் போட்டுச் சோதியுங்கள், 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள) தாளை வைத்துவிட்டு அமைப்பில் தடித்த தாள் என்று விட்டிருந்தால் மாற்றுங்கள். இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் உதிரிபாகம் வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

ஸ்டேபிள் போடும்போது மட்டும் சிக்கினால், இயந்திரத்தை அணைத்து, ஸ்டேபிள் பெட்டியைக் கழற்றி, முனையில் வளைந்து நிற்கும் கம்பிகளை நீக்குங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் தாள்களைச் சேர்த்துத் தைக்கச் சொன்னாலும் கம்பி வளையும். துளையிடும் வசதி இருந்தால், வெட்டுத்துகள் பெட்டியைக் காலி செய்யுங்கள். அது நிரம்பிவிட்டால் துகள்கள் தாளின் பாதையில் சிதறும்.

ரோலர் பளபளவென்று வழவழப்பாகியிருந்தால், தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த, நூல் உதிராத துணியால் துடைத்து, உலர்ந்த பின் இயக்குங்கள். துடைத்தும் சில நாளில் மறுபடி வழுக்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இயந்திரத்தை அண்மையில் நகர்த்தியிருந்தால், ஃபினிஷருக்கும் அதற்கும் இடையே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். அந்த இடைவெளி போக ஃபினிஷரின் உயரத்தைச் சரிசெய்வது பராமரிப்புப் பொறியாளரின் வேலை. அவர் வரும்போது திரையில் வந்த குறியீடுகளையும், முன்விளிம்பு கசங்கிய இரண்டு மூன்று தாள்களையும் எடுத்துக் கொடுங்கள்.