காட்டு மண்ணின் சுவாசத்தை அளப்பது எப்படி? புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கோயில் காடுகளிலும், ஆரோவில் பக்கம் செம்மண் மேட்டில் மறுபடி வளர்த்தெடுக்கப்பட்ட காடுகளிலும், மண்ணிலிருந்து எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதைச் சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் ஒரு கல்லூரி மாணவரோ பள்ளி ஆசிரியரோ தாமே அளந்துவிட முடியும். காசாவும் வீரையும் பாலையும் அடர்ந்த இக்காடுகள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆண்டில் பாதி மாதங்கள் மழையே இல்லாமல் கிடந்து, ஐப்பசி, கார்த்திகையில் பெரும்பகுதி மழையைப் பெறும் மண் இது. அந்த ஏற்ற இறக்கமே இங்கு அளப்பதைச் சுவையானதாக்குகிறது.

அளக்கப்போவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். மண்ணுக்குள் சல்லிவேர்கள் சுவாசிக்கின்றன. நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் சருகையும் மட்கையும் சிதைத்துச் சுவாசிக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து வெளிவிடும் கரியமில வாயுவே மண் சுவாசம். மண் காற்றோடு பரிமாறும் வேறு இரு பசுமைக்குடில் வாயுக்கள் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும். இவற்றில் மீத்தேன் பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கிறது: காற்றோட்டமுள்ள மேட்டுநிலக் காட்டு மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள மீத்தேனை உள்ளிழுத்து உண்கின்றன, நீர் தேங்கினால் மட்டும் மண் அதை வெளிவிடத் தொடங்குகிறது. நைட்ரஸ் ஆக்சைடு, மண்ணின் நைட்ரஜனை மாற்றியமைக்கும் நுண்ணுயிர்களால் உண்டாவது; அதன் இயற்கையான மூலங்களில் வெப்பமண்டல மண் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இச்செய்முறை கரியமில வாயுவுக்கு உரியது. மற்ற இரண்டும் ஏன் வீட்டுக் கருவிக்கு அகப்படா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கருவியைச் செய்தல்

1920-களில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஹென்ரிக் லுண்டகார்த் கையாண்ட அதே முறைதான் இன்றும் அடிப்படை. மண்ணின் ஒரு பகுதியை அடியில்லாத கலத்தால் மூடிவைத்து, உள்ளே அடைபட்ட காற்றில் வாயுவின் செறிவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பதே அது.

இதற்கு 20 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் முழு நீளக் குழாயாகத்தான் தருவார்கள். ஆழ்துளைக் கிணறு போடுவோரிடம் கேசிங் பைப்பின் மிச்சத் துண்டுகள் கிடைக்கும், அவையே போதும். 9 செ.மீ. உயரத்தில் எட்டுத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். இவை மண்ணிலேயே நிற்கப்போகும் வளையங்கள். ஒவ்வொன்றின் கீழ் விளிம்பையும் அரத்தால் சாய்வாகத் தேய்த்துக் கூர்மையாக்குங்கள். இன்னொரு துண்டை ஒரு பக்கம் காற்றுப் புகாதபடி மூடி ஒட்டினால் அதுவே கலம்; அதன் உள் உயரம் 15 செ.மீ. இருக்கட்டும். கலமும் வளையமும் சேரும் இடத்தை இறுக்குவதற்கு, பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய கார் டியூபை அகலமான பட்டையாக வெட்டி உறைபோல மாட்டிவிடலாம்.

கலத்தின் மூடியில் உட்புறமாக அகச்சிவப்பு முறையில் கரியமில வாயுவை அளக்கும் சென்சார் ஒன்றையும், காற்றை மெல்லக் கலக்கும் 5 வோல்ட் மின்விசிறி ஒன்றையும் தொங்கவிடுங்கள். சென்சாரை ஆர்டுவினோ என்னும் நிரலெழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையுடன் இணைத்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை அளவைப் பதியச் செய்யலாம். மின்சாரத்துக்குப் பவர் பேங்க் போதும். மூடியில் சிறு துளையிட்டு, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பயன்படும் மெல்லிய குழாயில் ஒரு சாண் நீளம் செருகுங்கள். கலத்தை வைக்கும்போது உள்ளே அழுத்தம் கூடினால் மண்ணிலிருந்து வரும் வாயு தடைபடும். அந்த அழுத்தத்தைச் சமன்செய்வதே இக்குழாயின் வேலை. வெயில் பட்டு உள்ளே சூடேறாமலிருக்க, வெளிப்புறம் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள்.

சென்சார் வாங்குவோர் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மலிவான சென்சார்கள் பலவற்றில் தானியங்கி அளவுத்திருத்தம் இயங்கிக்கொண்டிருக்கும்; கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 400 பங்கு) என்று அது தானாகவே எடுத்துக்கொள்ளும். மூடிய கலத்தில் இந்த அனுமானம் கெடுதலே செய்யும் என்பதால், நிரலில் அதை நிறுத்திவிடுங்கள். அளவு முப்பது, ஐம்பது பிபிஎம் கூடக் குறையக் காட்டினாலும் கவலை இல்லை. நமக்குத் தேவை ஏறும் வேகமே தவிர, நின்ற இடம் அன்று.

காட்டுக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை. வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் கலத்தை அழுத்தி வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். பதிவான அளவுகளை வரைந்தால் கோடு மட்டமாக இருக்க வேண்டும். பிறகு கலத்துக்குள் ஒருமுறை ஊதிவிட்டு உடனே மூடுங்கள். உயர்ந்த செறிவு விரைவாகச் சரிந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

வளையங்களைப் பதித்தல்

இந்தப் படியில் அவசரப்படுவோருக்குத் தவறான எண்களே மிஞ்சும். கோயில் காடாக இருந்தால் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும், காப்புக்காடாக இருந்தால் வனத்துறையிடமும் முன்னனுமதி பெறுங்கள். நம் செம்மண் கோடையில் கல்லாக இறுகிவிடும். சுத்தியலால் அடித்து இறக்கினால் மண் வெடித்து, விளிம்பைச் சுற்றி வாயு கசியும் வழிகள் உண்டாகும். ஆகவே ஒரு மழைக்குப் பின், கத்தியால் வட்டமாகக் கீறி, 4 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் வளையத்தை அழுத்தி இறக்குங்கள். அதைவிட ஆழமாகப் போனால் மேலடுக்கில் நெருங்கிப் பரவியிருக்கும் சல்லிவேர்கள் அறுபட்டு, வேர்ச் சுவாசம் குறைந்துவிடும். உள்ளிருக்கும் சருகை அப்படியே விடுங்கள். முளைத்திருக்கும் நாற்றுகளை மட்டும் தரையோடு வெட்டிவிடுங்கள். பதித்த உடனே அளக்கக் கூடாது: கலைந்த மண்ணும் அறுந்த வேர்களும் அடங்க ஒரு வாரமாவது தேவை.

எட்டு வளையங்களையும் ஒரே மரத்தடியில் வைக்காதீர்கள். மர அடி, மர இடைவெளி, சருகு குவிந்த பள்ளம், ஏறக்குறைய வெறுமையான தரை என்று பரப்பிப் பதியுங்கள். கறையான் புற்றருகே ஒன்று அமைந்தால், தனியே குறித்துக்கொள்ளுங்கள்; கறையான்கள் கரியமில வாயுவோடு மீத்தேனையும் வெளிவிடுவதால் அந்த இடத்தின் கணக்கு வேறு.

அளத்தலும் கணக்கிடுதலும்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் அளப்பது நல்லது. அந்நேரத்து அளவு பல காடுகளில் அன்றைய சராசரிக்கு நெருக்கமாக இருக்கும். வளையத்தருகே மிதித்தால் மண்துளைகளில் அடைபட்ட வாயு பிதுங்கி வெளிவரும் என்பதால், எட்டியே நில்லுங்கள். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பிபிஎம் கரியமில வாயு இருக்கிறது. காற்று நம்மிடமிருந்து கலத்தை நோக்கி வீசும் பக்கம் நிற்கக் கூடாது. கலத்தை மெல்ல வைத்து, டியூப் பட்டையை இழுத்துவிட்டு, ஐந்து நிமிடம் பதிவுசெய்யுங்கள். அதற்கு மேல் வேண்டாம்: உள்ளே செறிவு கூடக் கூட மண்ணுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, வாயு வரும் வேகமும் தளரும். முதல் ஒரு நிமிடத்தைத் தள்ளிவிடுங்கள். சென்சார் நிலைகொள்ள அந்த நேரம் தேவைப்படுகிறது.

ஒரு வளையத்தில் முதல் நிமிட முடிவில் 460, பிறகு நிமிடத்துக்கு நிமிடம் 490, 520, 550, 580 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏற்றம் நிமிடத்துக்கு 30 பிபிஎம், அதாவது விநாடிக்கு 0.5. இதைக் கலத்தின் கொள்ளளவை மண்பரப்பால் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். நேர்ச்சுவர்க் குழாயில் அந்த எண் வெறும் உயரமே. கலத்தின் 15 செ.மீ., வளையம் மண்ணுக்கு மேல் நிற்கும் 5 செ.மீ., ஆக 0.20 மீட்டர். தரை மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், வளையத்தின் உட்புற உயரத்தை நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அடுத்து, ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள மோல்களின் (மோல் என்பது மூலக்கூறுகளின் அளவைக் குறிக்கும் அலகு) எண்ணிக்கை: அழுத்தம் 1,01,325 பாஸ்கல், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், அதாவது 303 கெல்வின் என்றால், 1,01,325-ஐ 8.314 × 303-ஆல் வகுக்க 40.2 வரும். ஆக 0.5 × 0.20 × 40.2 = ஏறத்தாழ 4. ஒரு சதுர மீட்டர் மண், விநாடிக்கு 4 மைக்ரோமோல் (ஒரு மோலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமோல்) கரியமில வாயு விடுகிறது என்பது இதன் பொருள். வெப்பமண்டலக் காடுகளில் வழக்கமாகக் காணப்படும் வரம்புக்குள் இது அடங்கும். இந்த எண்ணை 1.04-ஆல் பெருக்கினால், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளியேறும் கார்பன் கிராமில் கிடைக்கும். இங்கு ஏறத்தாழ 4.2 கிராம்.

இந்த எண்ணைக் காட்டி "காடே மாசுபடுத்துகிறது" என்று யாராவது வாதிட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மண் விடும் கார்பனின் பெரும்பங்கு, அண்மையில் இலைகள் காற்றிலிருந்து எடுத்ததே. காடு மொத்தத்தில் சேர்க்கிறதா இழக்கிறதா என்பதை மண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது.

ஒவ்வொரு முறையும் 5 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலையையும் குறியுங்கள். வளையத்துக்கு வெளியே ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரியில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி மறுபடி எடைபோட்டால் ஈரப்பதம் தெரியும்.

மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும்

காற்றில் மீத்தேனின் உலகச் சராசரி 2 பிபிஎம் அளவைக்கூட எட்டுவதில்லை. நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 0.34 பிபிஎம் மட்டுமே. மீத்தேன் சென்சார் என்று நூறு, இருநூறு ரூபாய்க்கு விற்கப்படுபவை எரிவாயுக் கசிவுக்கானவை. சில நூறு பிபிஎம்முக்குக் கீழே அவற்றுக்கு எதுவும் தெரியாது. அவற்றை வாங்காதீர்கள். இவ்விரு வாயுக்களுக்கும், மூடிய கலத்திலிருந்து பத்து நிமிட இடைவெளியில் நான்கு முறை சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி, காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, கலந்த வாயுக்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) உள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மீத்தேன் கோடு கீழ்நோக்கிச் சரிந்தால் பதற்றம் வேண்டாம். நம் மேட்டுக் காட்டில் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில் நிலைமை வேறு. அங்கே ஓதம் ஏறி இறங்குவதால் கலம் வைக்கும் முறையும் மாறும். தொடக்கத்திலேயே அங்கு போகாமலிருப்பது நல்லது.

முதல் மழைக்கு முன்னும் பின்னும்

இக்கருவியைக் கொண்டு ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். நெடுநாள் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் மண் சுவாசம் திடீரெனப் பல மடங்கு எகிறும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்னும் மண்ணியலாளர் 1958-இல் இதை விரிவாக எழுதியதால், அவர் பெயராலேயே பிர்ச் விளைவு எனப்படுகிறது. வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் உடல், தப்பியவை வறட்சியைத் தாங்கச் சேர்த்துவைத்த கரைபொருள்கள், மண்கட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடந்த மட்கு ஆகியவை ஈரம் பட்டதும் ஒருசேர உணவாகக் கிடைப்பதே காரணம். மாதம் ஒருமுறை மட்டும் அளப்பவர் இந்த எழுச்சியை முற்றிலும் தவறவிட்டு, ஆண்டுக் கணக்கைக் குறைத்து எழுதிவிடுவார்.

மழைக்குக் காத்திராமல் இதை நாமே நிகழ்த்தலாம். வளையத்தின் பரப்பு 314 சதுர செ.மீ.; 10 மி.மீ. மழைக்கு ஈடாக 314 மில்லி நீர் போதும். சித்திரையிலோ வைகாசியிலோ, மண் நன்கு காய்ந்திருக்கும்போது, எட்டில் நான்கு வளையங்களில் மட்டும் பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். வளையத்துக்குள் விட்ட நீர் பக்கவாட்டில் ஓடிவிடாதபடி, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு அதே அளவில் நனையுங்கள். ஊற்றுமுன் ஒருமுறை, ஊற்றிய ஒரு மணி நேரத்தில், மூன்று மணி நேரத்தில், மாலையில், பிறகு நாள்தோறும் எட்டு வளையங்களையும் அளந்து, நனைந்தவற்றின் சராசரியிலிருந்து நனையாதவற்றின் சராசரியைக் கழியுங்கள். இந்த வேறுபாடு முதல் நாள் முழுதும் சராசரியாக 3 மைக்ரோமோல் என்றால், அந்த ஒரு நாளில் மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3.1 கிராம் கார்பன் கூடுதலாக வெளியேறியிருக்கிறது. வேறுபாடு பூச்சியத்துக்கு அருகில் வரும்வரை நாள்தோறும் இப்படிக் கூட்டிக்கொண்டே போனால், அந்த 10 மி.மீ. நீர் அவிழ்த்துவிட்ட மொத்தக் கார்பன் எக்செல் தாளின் கடைசி வரிசையில் வந்து நிற்கும்.