கருங்கடலுக்குக் கூட்டணி வியூகம் எழுதுவது எப்படி?

நேட்டோ ராணுவக் கூட்டணிக்காகக் கருங்கடல் பாதுகாப்பு வியூகம் ஒன்றை எழுதச் சொன்னால் பலரும் முதலில் ரஷ்யாவிடம் எத்தனை கப்பல், எத்தனை ஏவுகணை என்று எண்ண உட்கார்ந்துவிடுவார்கள். அது அப்புறம். முதலில், கருங்கடலுக்குள் போர்க்கப்பல் போவதற்கு விதி வகுத்த 1936-ன் மான்ட்ரோ ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து உள்ளே போக துருக்கியின் கையில் இருக்கும் நீரிணைகள்தான் வழி. கருங்கடலில் கரை இல்லாத நாட்டின் போர்க்கப்பல் 21 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது, மொத்த எடைக்கும் வரம்பு உண்டு, போதாததற்கு ரஷ்யா-உக்ரைன் போர் வெடித்ததும் 2022 பிப்ரவரி கடைசியில் துருக்கி போர்க்கப்பல்களுக்கு வழியையே அடைத்துவிட்டது. ஆகவே 'அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வரும்' என்று தொடங்கும் திட்டத்தை அங்கேயே கிழித்துப் போடலாம்.

அடுத்து, வரைவு எழுதுவதற்கு முன்பே கருங்கடல் கரையில் இருக்கும் நேட்டோ நாடுகளான துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றிடமும் தனித்தனியாகப் போய், 'எதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டீர்கள்?' என்று கேளுங்கள். நேட்டோவில் 32 நாடுகளும் ஒத்துப்போனால்தான் முடிவு. 2016-ல் கூட்டுக் கடற்படை வேண்டும் என்று ருமேனியா கேட்டது, பல்கேரியப் பிரதமர் போரிசோவ் வெளிப்படையாகவே முடியாது என்றார், பேச்சு அத்தோடு நின்றது.

சரி, எதில் ஒத்துப்போவார்கள்? கண்ணிவெடியில். போர் தொடங்கியபின் மிதந்து வந்த வெடிகள் மூவருடைய வணிகக் கப்பலுக்கும் ஆபத்து என்பதால், 2024 ஜனவரியில் இஸ்தான்புல்லில் அவற்றை அகற்றும் கூட்டுக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அது நேட்டோ கொடியில் இயங்கவில்லை, மூன்று நாட்டுக் கப்பல்கள் மட்டும்தான். அதனால்தான் துருக்கியும் சேர்ந்தது என்பது என் கணிப்பு. இப்படிச் சின்னதாக ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கப்பல் குறைவாக இருக்கும் இடத்தைக் கரையிலிருந்தும் வானிலிருந்தும் நிரப்புங்கள்: கண்காணிப்பு விமானம், டிரோன், கரையோர ஏவுகணை. பெயருக்குத்தான் கடற்படை வைத்திருந்த உக்ரைன், 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலைக் கரையிலிருந்தே அடித்து மூழ்கடித்ததே!

உறுப்பினர் அல்லாத உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும் செய்யக்கூடிய வேலையை மட்டும் எழுதுங்கள். 2008-ல் புக்கரெஸ்ட் மாநாட்டில் 'நேட்டோவில் சேர்ப்போம்' என்று சொன்ன மாதிரி தேதி போடாத வாக்குறுதி வேண்டாம்.

ருமேனியாவின் நெப்டியூன் டீப் எரிவாயு வயல் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு வெளியே, ஆனால் அதன் பொருளாதார உரிமை உள்ள கடல் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே ஒரு குழாய் வெடித்தால் யார், எத்தனை மணி நேரத்தில், யாருடைய உத்தரவில் போவது என்பதை முன்னாடியே எழுதிவிடுங்கள். போர் நின்று துருக்கி நீரிணையைத் திறக்கும் நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஏனென்றால் அன்று உங்கள் கப்பல் மட்டுமல்ல, வெளியே காத்திருக்கும் ரஷ்யக் கப்பலும் உள்ளே வரும்.