எம்.எல்.ஏ.வை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம எம்.எல்.ஏ. எப்படி?" என்று யாரிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். நல்ல மனுஷன், தொகுதிப் பக்கமே தலை காட்டாதவர், நன்றாகச் சொத்து சேர்த்துவிட்டார், கூப்பிட்டால் காதுகுத்துக்குக்கூட வருவார் என்று ஏதாவது ஒன்று. அவர் போன தடவை எத்தனை ஓட்டில் ஜெயித்தார், அவர்மேல் என்ன வழக்கு இருக்கிறது, சட்டமன்றத்தில் எந்தப் பிரச்சினையை எழுப்பினார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். இத்தனைக்கும் இவை எதுவும் ரகசியம் இல்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் இதற்கான ஆவணங்கள் பொதுவில் இருக்கின்றன. எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கிறவர்களிலும் பலர் அவசரமாகப் படித்துத் தப்பான முடிவுக்குப் போகிறார்கள், ஆதாரம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அதைப் பகிர்ந்தும் விடுகிறார்கள். நான் அடிக்கடி பார்த்த தவறுகளை இங்கே சொல்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது

வேட்பாளரின் பின்னணியைத் தெரிந்துகொள்ள முதலில் எடுக்க வேண்டியது வேட்புமனுவோடு தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. இது நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பு சொன்னது. அதை மட்டுப்படுத்த மத்திய அரசு சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 2003-ல் நீதிமன்றம் அந்தப் பிரிவையும் ரத்து செய்தது. பத்தியைக் காலியாக விட்டுத் தப்பிக்கவும் முடியாது, 'இல்லை' என்றாவது எழுத வேண்டும் என்று 2013-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இவ்வளவு போராடிக் கிடைத்த காகிதத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்க்கிறோம், போன தேர்தல் தொகையோடு ஒப்பிடுகிறோம், "அஞ்சு வருஷத்துல மூணு மடங்கு" என்று எழுதிவிடுகிறோம்.

ஒருமுறை ஒரு வேட்பாளரின் இரண்டு தேர்தல் பத்திரங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். அசையாச் சொத்தின் மதிப்பு மூன்று மடங்காகத் தெரிந்தது. எழுத உட்காரும் முன் சர்வே எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அதே புன்செய் நிலம், அதே ஏக்கர், அதே சர்வே எண். புதிதாக ஒரு சென்ட்கூட வாங்கவில்லை, சந்தை மதிப்புதான் ஏறியிருந்தது. அப்புறம் இன்னொருவருடைய பத்திரங்களைப் பார்த்தபோது இதற்கு நேர்மாறாக இருந்தது. மொத்தத் தொகை கொஞ்சம்தான் கூடியிருந்தது, ஆனால் மனைவியின் பத்தியில் முன்பு இல்லாத நான்கு சர்வே எண்கள். முன்னவரைப் பற்றிப் பரபரப்பாக எழுதியிருப்போம், பின்னவரைக் கவனிக்காமலே விட்டிருப்போம்.

அதனால் நிலம், கட்டடம் பற்றிய பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். சொத்து பரம்பரையாக வந்ததா, சொந்தமாக வாங்கியதா, வாங்கியது என்றால் எந்தத் தேதியில், என்ன விலைக்கு, அதன்மேல் எவ்வளவு செலவு செய்தார், இன்றைய தோராய மதிப்பு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி இருக்கும். வேட்பாளர், கணவர் அல்லது மனைவி, கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று பத்திகளும் தனித்தனி. கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானமும் அதே பத்திரத்தில் இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் புதிதாக வந்த சொத்தையும் அந்த வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி கேட்க இடம் கிடைக்கும். கடன் பத்தியை மறக்க வேண்டாம். வங்கிக் கடனைவிட தனிநபர்களிடம் வாங்கிய கடன் பெரிதாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

எல்லா வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது

"இவர்மேல் 12 வழக்கு, அவர்மேல் 2 வழக்கு, அதனால் அவரே மேல்" என்ற கணக்கை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் கட்சி வேலை பார்த்த பலர்மேல் சாலை மறியல், தடையை மீறிக் கூடியது என்று வழக்குகள் இருக்கும். பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகள் வரிசையாக வந்தால் பெரும்பாலும் போராட்ட வழக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். 307 என்றால் கொலை முயற்சி, 420 என்றால் மோசடி. இப்படி ஒரே ஒரு வழக்கு இருந்தாலும் அது பன்னிரண்டு மறியல் வழக்கைவிடக் கனமானது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் புது வழக்குகளில் எண்கள் மாறிவிட்டன. மோசடிக்கு இப்போது 318, கொலை முயற்சிக்கு 109. பழைய எண்ணை மட்டும் மனதில் வைத்துத் தேடினால் முக்கியமான வழக்கு கண்ணில் படாமல் போகும்.

எண்ணோடு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டதோடு நிற்கிறதா, நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்துவிட்டதா, தண்டனை ஆகி மேல்முறையீட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் நிறைய தூரம் இருக்கிறது. அதற்காக, போராட்ட வழக்கு என்றாலே சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1998-ல் நடந்த ஒரு போராட்டக் கல்வீச்சு வழக்கில் 2019 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 3 ஆண்டு தண்டனை விதித்தது. அன்று அமைச்சராகவும் இருந்த ஓசூர் எம்.எல்.ஏ. பதவியை இழந்தார். 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால் அப்போதே தகுதியிழப்பு என்பது 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் வந்த தீர்ப்பு. வழக்கு நடக்கிறது என்பதற்காக மட்டும் யாருடைய பதவியும் போகாது.

ஜெயித்த வித்தியாசத்தை வைத்து முடிவு கட்டுவது

2021 தேர்தலில் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அதே தேர்தலில் ஆத்தூரில் (திண்டுக்கல் மாவட்டம்) 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேல். 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டுதான் வித்தியாசம், தபால் வாக்குகளை நிராகரித்தது சரியா என்று வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்த எண்கள் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் தொகுதிக்குள் என்ன நடந்தது என்பதை இவை சொல்வதில்லை. அதற்குப் படிவம் 20 வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். மொத்தத்தில் சுலபமாக ஜெயித்தவர் ஒரு குறிப்பிட்ட ஊராட்சியின் சாவடிகள் எல்லாவற்றிலும் மூன்றாம் இடத்துக்குப் போயிருப்பார். ஏன் என்று அந்த ஊரில் போய்க் கேட்டால், பட்டா பிரச்சினையோ, மூடாமல் கிடக்கும் கல்குவாரிப் பள்ளமோ காரணமாக இருக்கலாம். தொகுதியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2016-ன் 114-ம் சாவடியும் 2021-ன் 114-ம் சாவடியும் ஒரே தெருவாக இருக்க வேண்டியதில்லை. சாவடியின் பெயரையும் எந்தெந்தத் தெரு அதில் வருகிறது என்பதையும் வாக்காளர் பட்டியலில் சரிபார்த்த பிறகே ஒப்பிடுங்கள். இன்னும் பின்னால் போனால் சிக்கல் கூடும். 2008-ல் தொகுதி மறுசீரமைப்பு நடந்தது, 2011 சட்டமன்றத் தேர்தலில் புது எல்லைகள் வந்தன. சாத்தான்குளம், புரசைவாக்கம் போன்ற தொகுதிகளே இல்லாமல் போயின, சேப்பாக்கமும் திருவல்லிக்கேணியும் ஒன்றாயின. பெயர் மாறாத தொகுதிகளிலும் பல இடங்களில் எல்லை மாறியது. 2006 முடிவையும் 2021 முடிவையும் ஒரே கோட்டில் வைத்து "30 வருடக் கோட்டை சரிந்தது" என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

வெளியூர்க்காரர் நிற்கலாமா என்ற வாதமும் ஒவ்வொரு தேர்தலிலும் வரும். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளராக, 25 வயது நிறைந்தவராக இருந்தால் சட்டப்படி எந்தத் தொகுதியிலும் நிற்கலாம் (தனித் தொகுதிகளுக்கு மட்டும் அதற்குரிய விதி உண்டு). பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போடாமல் இருக்கலாம், சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது.

யார் வேலை எது என்று தெரியாமல் திட்டுவதும் பாராட்டுவதும்

தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்றால் அது வார்டு கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர் பக்கம் போக வேண்டிய புகார். ரயில் நிற்கவில்லை என்றால் எம்.பி.யும் ரயில்வேயும். அரசு மருத்துவமனையில் டாக்டர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, காவல் நிலையம் வேண்டும், பாசன வாய்க்கால் தூர்ந்துவிட்டது, கல்லூரி இல்லை, இவையெல்லாம் மாநில அரசின் வேலை, எம்.எல்.ஏ. குரல் கொடுக்க வேண்டிய இடம். நடைமுறையில் எல்லாப் புகாரும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத்தான் போகிறது. அவரும் ஓட்டு போய்விடுமோ என்று எதையும் மறுக்க மாட்டார். கடைசியில் அவர் நாள் முழுவதும் சாக்கடை அடைப்புக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் போய்விடுகிறது, மாநில அளவில் பேச வேண்டியதைப் பேச நேரமே இருப்பதில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. 2019-20 முதல் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்ட இந்தப் பணம் எம்.எல்.ஏ.வின் கைக்கு வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்து செய்து முடிக்கும். அதனால் பயணியர் நிழற்குடையில் அவர் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஐந்து வருடத்தில் எந்தெந்த வேலையைப் பரிந்துரைத்தார், எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தமிழிலேயே ஒரு தகவல் உரிமை மனு எழுதினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

கட்சி அறிக்கையை அவருடைய கொள்கை என்று எண்ணுவது

எம்.எல்.ஏ.வின் முன்னுரிமைகள் என்ன என்று எழுதச் சொன்னால் பலரும் கட்சியின் தேர்தல் அறிக்கையை நகல் எடுத்து வைத்துவிடுகிறார்கள். அவர் எப்படி வாக்களித்தார் என்று பார்ப்பதும் உதவாது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் உத்தரவு) மீறினால் பதவியே போகலாம் என்பதால், வாக்கு கட்சியின் வாக்குதான். அவருடைய சொந்த அக்கறை வெளியே தெரியும் இடங்கள் வேறு: கேள்வி நேரத்தில் கேட்ட கேள்விகள், கவன ஈர்ப்புத் தீர்மானங்கள் (அவசரப் பிரச்சினைக்கு அமைச்சரின் கவனத்தைக் கோருவது), மானியக் கோரிக்கை விவாதத்தில் (ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்குவது பற்றியது) பேசியது, கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள் (அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி எதிர்ப்பைக் காட்டுவது), எந்தக் குழுவில் உட்கார்ந்தார் என்பது. இதெல்லாம் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் வார்த்தைக்கு வார்த்தை பதிவாகிறது.

இங்கேயும் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். "ஐந்து ஆண்டில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்று ஒரு பட்டியல் சுற்றும். அதில் இருப்பவர் அமைச்சராகவோ பேரவைத் தலைவராகவோ இருந்திருப்பார். அமைச்சர் பதில் சொல்கிறவர், கேள்வி கேட்கிறவர் இல்லை. இன்னொருவர் நூறு கேள்வி கேட்டிருப்பார், எல்லாமே "இந்த ஊரில் புதிய கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா?" என்ற ஒரே அச்சில் இருக்கும். அதிலும் தப்பில்லை, தொகுதிக்குத் தேவைதான். ஆனால் ஒரே பிரச்சினையை வருடக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கிறாரா என்று பாருங்கள். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சென்னை மாகாண சட்டசபைக்குள் வந்த பிறகு, 1927-ல் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் காந்தியின் கைதைக் கண்டித்துப் பதவியை விட்டார், ஆனால் பிரச்சினையை விடவில்லை. சட்டம் வந்தது 1947-ல். அவர் எதற்காக அவைக்கு வந்தார் என்பதை அவைக் குறிப்பைப் படித்தாலே சொல்லிவிடலாம்.

பேரவை விதி 110-ன் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அவையில் படிக்கும் அறிவிப்புகளையும் எம்.எல்.ஏ. கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது அரசின் அறிக்கை, அதன்மேல் அவையில் விவாதம் கிடையாது. அறிவிப்பு வருமுன் உறுப்பினர் அதைப் பற்றி எப்போது, எங்கே கேட்டார் என்று தேடிப் பார்த்து, பதிவு இருந்தால் அப்போது பெயரைப் போடலாம்.

2022-ல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியின் முக்கியமான 10 கோரிக்கைகளைக் கேட்டு முதலமைச்சர் கடிதம் எழுதினார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரிடமும் கேட்டார். ஒருவர் தன் தொகுதிக்கு எதை முதலில் வைத்தார் என்பதை அவரே வரிசைப்படுத்திய பட்டியல் அது. குடிநீருக்கு எத்தனை, சாலைக்கு எத்தனை, பள்ளிக்கு எத்தனை, ஆதிதிராவிடர் காலனி எந்த வரிசையில் வந்தது, வந்ததா என்று அதில் தெரியும். உங்கள் தொகுதிக்கு அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்ன கொடுத்தார் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பத்தில் இன்று எத்தனை முடிந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.